மூன்று கப்பும் கொஞ்சமும்

பகலில் கப்பை மில்லி ஆக்குகிறேன்.
இரவில் மில்லியைக் கப் ஆக்குகிறேன்.
நடுவே ஜுபைலின் கடலோரச் சாலையில்
பன்னிரண்டு நிமிடம்
ஆஸ்பத்திரி வேன்.

வார்டில்
காகிதக் கப் தேநீர் நூற்றைம்பது.
லபன் பாட்டில் நூற்றெண்பது.
சூப் கிண்ணம் இருநூறு,
மிச்சம் வைத்தால் கண்ணாலேயே கழிக்க வேண்டும்.
ஒரு கப் பனிக்கட்டி அரைக் கப் தண்ணீர்.
உள்ளே போனது ஒரு கட்டம்
வெளியே வந்தது ஒரு கட்டம்
ஷிஃப்ட் முடிகையில் கூட்டிக் கையெழுத்து.

வீட்டில் மரிவிக் கேக் செய்கிறாள்.
அவள் குறிப்பில் எல்லாமே கப்.
நான் வாங்கி வந்த தேங்காய்ப்பால் டின்னில்
நானூறு மில்லி.
"ஒன்றரைக் கப் எடுத்துக்கொள்கிறேன், மீதி எவ்வளவு, ஜெப்?"
யூனிஃபார்ம்கூட மாற்றாமல்
நாற்பது என்கிறேன்.
"இருபத்தைந்து" என்கிறாள் லின்சி
கட்டிலில் படுத்தபடியே.
அவள் கப்பின் அடியில் 250 என்று பொறித்திருக்கிறது.
மரிவிக்கின் கப் 240.
சோறு வைக்கும் குக்கரோடு இலவசமாய் வந்தது
வெறும் 180.
மூன்றும் ஒரே அலமாரியில்
ஒன்றன் மடியில் ஒன்று உட்கார்ந்து
ஒரே பெயரில் குடித்தனம் நடத்துகின்றன.

பதினேழாம் படுக்கை நரசய்யா.
நிஜாமாபாத் பக்கம். குழாய் வெல்டர்.
சிறுநீரகம் இரண்டும்
முன்னறிவிப்பில்லாமல் வேலைநிறுத்தம்.
நாளுக்கு எண்ணூறு மில்லி,
மருந்து விழுங்கும் தண்ணீரும் சேர்த்து
என்று எழுதிப் போனார் டாக்டர்.

"மில்லி எனக்கு வேண்டாம் சிஸ்டர்,
கப்பில் சொல்லுங்க."

மூன்று கப்பும் கொஞ்சமும்.

சிரித்தார்.
"ஆகஸ்டில் டாங்குக்குள்ளே இறங்கினால்
பத்து மணிக்குள் இதைவிட வேர்த்திருப்பேனே."
பிறகு,
"கொஞ்சம் என்றால் எவ்வளவு?"

எண்பது என்று சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் அவரே கண்டுபிடித்தார்:
மேசைமேல் மாத்திரையோடு வரும் சின்னக் கப்,
முப்பது மில்லி, பக்கவாட்டில் கோடு போட்டது.
இனி எல்லாம் இதிலேயே ஊற்றுங்கள்.
எண்ணூறை முப்பதால் வகுத்தேன்.
இருபத்தாறு. மிச்சம் இருபது.
"இருபத்தாறு தடவையா!"
சம்பளம் உயர்ந்தவன் முகம்.
ஒரு சொட்டுகூட நான் கூட்டவில்லை.

அன்றிலிருந்து
குடிக்கும் ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டர் துணுக்கு ஒன்றைக் கிழித்து
கட்டில் கம்பியில் ஒட்டிவந்தார்.
புதன்கிழமை சாயங்காலம்
என் தாளில் இருபத்தாறு,
அவர் கம்பியில் இருபத்தைந்து.
நான் எண்ணினேன். அவர் எண்ணினார்.
எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியிலும்
அவருக்குத் தெரிந்த முக்கால் ஹிந்தியிலும்
சண்டை போட்டோம்.
கடைசியில் போர்வையை விலக்கிக் காட்டினார்,
உள்ளங்கை அகல ஈரம்.

"சிந்தினதை எப்படிக் குடித்ததா எழுதுவீங்க?"

அடித்துத் திருத்தி, பக்கத்தில் சிறு கையெழுத்துப் போட்டு,
ஊற்றினேன்.
கோடுவரை.
அவர் குனிந்து
கோட்டைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பார்த்துவிட்டுத்தான்
வாயில் வைத்தார்.
விழுங்க வெகுநேரம் ஆயிற்று.

வேனில் வரும்போது
என் தண்ணீர் பாட்டிலைத் திறந்து
பாதியை ஒரே மூச்சில் குடித்தேன்.
எவ்வளவென்று பார்க்கவில்லை.
பார்த்துவிட்டேன். இருநூற்றைம்பது.

கேக் நடுவில் அமுங்கிப்போயிருந்தது.
லின்சியின் கப்தான் சரி என்று லின்சி,
அடுப்பின் குற்றம் என்று மரிவிக்.
டின்னில் மீந்த தேங்காய்ப்பாலை
என் கைப்பையிலிருந்த மருந்துக் கப்பில் ஊற்றினேன்.
புதியது, இன்னும் யாரும் வாய் வைக்காதது.
கோட்டுக்குச் சற்றே கீழே நின்றது.

எங்கள் சமையலறையில் இப்போது
எண்ணெய் கொஞ்சம், வினிகர் கொஞ்சம்,
எதில் கொஞ்சம் என்றாலும்
முப்பது.

லின்சி மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.